எட்ட நின்று போட்ட சாவி

காக்காய் வலிப்பை மறைத்துத்தான் திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் போய்வருவேன். வகுப்பில் ஒருமுறை விழுந்தால் போதும், வேலை போய்விடும். வீடு என்னை நம்பித்தான் இருந்தது.

பேய்க்கும் பார், நோய்க்கும் பார் என்று அம்மா பனமலைக் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டாள், மாத்திரையும் வாங்கித் தந்தாள். வலிப்பு அதுபாட்டுக்கு வந்தது. ஆனால் மரியாதை தெரிந்த வலிப்பு, சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் இடது கட்டைவிரல் துடிக்கும். பத்து எண்ணுவதற்குள் தோள்வரை ஏறும். அதற்குமேல் எனக்கு நினைவிருக்காது.

சேர்ந்த மூன்றாம் மாதம், தலைமையாசிரியை அறையில் கையெழுத்துப் போடும்போது விரல் துடித்தது. அவர் பார்த்துவிட்டார். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி என் உள்ளங்கையில் வைத்து, தன் கையால் இறுகப் பொத்தி, மணிக்கட்டை அழுத்தித் தேய்த்தார். துடிப்பு நின்றது. நான் அழுதுவிட்டேன். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் தொட்டால் தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் எல்லாரும் எட்ட நின்று சாவியைத் தூக்கிப் போடுவார்கள். என் சொந்தச் சித்தப்பாவே அப்படித்தான். கையைப் பிடித்தது இவர் ஒருவர்தான். அவர் யாரிடமும் சொல்லவும் இல்லை.

அடுத்த ஆண்டு இன்ஸ்பெக்ஷன். அதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்திருக்க, கரும்பலகையில் ஆறுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். சனியன், அப்போதா துடிக்க வேண்டும்! அதிகாரிக்குப் பக்கத்திலிருந்த தலைமையாசிரியை எழுந்து வந்தார்.

"பீரோவுல மேப்பு இருக்குது, எடுத்துக்கினு வாம்மா" என்று ஒரு சாவியை என் கையில் வைத்துப் பொத்தி, தேய்த்துக்கொண்டே வாசல்வரை கூட வந்தார். நின்றுவிட்டது. மேப்போடு திரும்பிவந்து பாடத்தை முடித்தேன்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன். அது பித்தளைச் சாவி. பொட்டு இரும்பு கிடையாது.

இது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. சென்னையில் பெரிய டாக்டரைப் பார்த்தபோது கேட்டேன். மூளையில் முடுக்கிவிடும் செல்களும் உண்டு, அடக்கி வைக்கும் செல்களும் உண்டு என்றார். வலிப்பு கிளம்பும் நேரத்தில் சட்டென்று ஓர் அழுத்தம் கிடைத்தால் அடக்கும் செல்கள் சுறுசுறுப்பாகி அதைத் தடுக்கக்கூடும், எல்லா நேரமும் பலிக்காது, அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதே என்றார்.

ஊருக்கு வந்ததும் தலைமையாசிரியையிடம் ஓடினேன். "இரும்பே வேணாங்களாம். சும்மா கையைப் புடிச்சாலே போதுமாம்."

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி மேசைமேல் வைத்தார்.

"என் தங்கச்சிக்கும் இதாம்மா. நாங்க அத்தினி பேரும் எட்ட நின்னு சாவியப் போட்டுக்கினு இருந்தோம். கடைசியா கெணத்தாண்ட வந்துது. அப்பவும் நான் சாவியத்தான் போட்டேன்."

அவர் ஓய்வுபெறும்வரை என் வகுப்பு அவர் அறைக்கு அடுத்த அறையிலேயே இருந்தது.