மில்லுக்கு வந்த முதல் ஆள்

ஒக்கூருக்கு வெளியே பஸ் பஞ்சராகி நிற்கிறது. ஸ்டெப்னியிலும் காற்று இல்லையாம். இன்றைக்குக் காரைக்குடி போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்று இறங்குகிறேன்.

சாலையோரம் ஒரு பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம். ரைஸ் மில் எஞ்சினுக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு முதுமக்கள் தாழி அகப்பட்டிருக்கிறது. எட்டிப் பார்க்கிறேன். உள்ளே எலும்புத் துண்டுகள், கறுத்துப்போன நெல் உமி.

தோண்டியவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். “செத்தவுக மேல வச்சா எஞ்சின் ஓடுமா பாய்? நாங்க தொட மாட்டோம்” என்கிறார் மேஸ்திரி.

பாய் என்பவர் மில் முதலாளி. ரங்கூனில் நடத்திய ஜவுளிக்கடையை அப்படியே விட்டுவிட்டு, போன வருஷம் கப்பலேறி வந்தவராம். ஊரிலேயே இருந்த வீட்டம்மாவின் நகையெல்லாம் எஞ்சினாகி, அதோ லாரியில் நிற்கிறது.

அவர் குத்தவைத்து, தாழிக்குள் வெகுநேரம் பார்க்கிறார்.

“மூடுங்கப்பா. கபுரு மேல மில்லு வைக்க எனக்கும் மனசு வராது. குழியை அங்குட்டுத் தள்ளி எடுங்க.”

“அங்குட்டுத் தள்ளினா உங்க ஆபீஸ் ரூம் போயிருமே?”

“போகட்டும்” என்று எழுந்தவர், பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். “நான் ரங்கூன்லருந்து வெறுங்கையோட வந்தேன். இவுக எங்குட்டிருந்து வந்தாகளோ, நெல்லோட வந்திருக்காக. நீங்களே சொல்லுங்க சார், நெல்லோட வந்து காத்துக்கிட்டு இருக்கவுகளை எந்த மில்லுக்காரனாச்சும் வெரட்டுவானா?”