நாலு சில்லுக்கும் தேசிக்காய்

பாரிஸ் லா சப்பலில், தமிழ்க்கடை வாசலில் யாரோ தேசிக்காயை மிதித்துவிட்டார்கள். அந்தப் புளிப்பு மணத்தோடு எனக்கு மட்டும் சேறும் பெற்றோலும் மணத்தன.

அப்பாவுக்கு ஸ்டொக் கார் பந்தயம் என்றால் உயிர். பழைய கார்கள் சேற்று வயலில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். புறப்படுமுன் நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைப்பார்.

"இடிபடப்போற காருக்கு ஏனப்பா இது?" என்று அம்மா சிரிப்பார்.

"காருக்கில்லை, உள்ளுக்கை இருக்கிற எனக்கு."

ஒருநாள் கார் தலைகீழாகக் கவிழ்ந்தது. இடித்த பிரெஞ்சுக்காரரே முதலில் ஓடிவந்து, மற்றவர்களையும் கூப்பிட்டு அதை நிமிர்த்தினார். அப்பா கீறலில்லாமல் இறங்கினார். அடுத்த பந்தயத்தில் அந்த மனிதர் தன் சில்லுகளைக் காட்டி அப்பாவிடம் கைநீட்டினார்.

"அண்ணை, எட்டுத் தேசிக்காய் தாங்கோ," என்றேன் கடைக்காரரிடம். நாளைக்கு என் மகள் ஓட்டுகிறாள். அவளுக்கு நாலு, அவளை இடிக்கப்போகும், அந்தப் பிரெஞ்சுக்காரரின் பேரனுக்கு நாலு.