அண்ணாவின் இரண்டாவது கல்வெட்டு

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் இந்த மலர் அண்ணாவுக்கு வெளிவருவது இது இரண்டாவது தடவை. முதலாவது வெளிவந்தபோது அவர் உயிரோடு இருந்தார். பலர் அதை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அண்ணா பருத்தித்துறையில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால் படிப்பை விட்டுவிட்டு, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு வெளிநாடொன்றுக்கு மின்சார வேலைக்குப் போனார். என்னை மெல்பேணுக்கு அனுப்பிப் படிப்பித்தது அவருடைய உழைப்புத்தான். அந்த வெளிநாட்டில் அவர் தங்கியிருந்த இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் கொலையுண்டார். அந்த நேரம் அண்ணா வேலையில் நின்றார். ஆனாலும் அவரும் அறைத்தோழர் இருவருமாக மூவர்மீதும் பழி விழுந்தது. அண்ணா தப்பிச் சிட்னிக்கு வந்துவிட்டார். மற்ற இருவரையும் தூக்கிலிட்டார்கள். அண்ணாவுக்கும், அவர் இல்லாமலே, அதே தீர்ப்பை எழுதினார்கள்.

சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் அண்ணா இருந்தபோது அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வியாழக்கிழமை, வந்த நாட்டுக்கே விமானம் ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். புதன்கிழமையே நான் அம்மாவுக்கு எழுதினேன்: நாளை ஏற்றுகிறார்கள், அங்கே இறங்கினால் தூக்குத்தான். ஒருநாள் பொறுத்திருக்கலாம். என் அவசரபுத்தி கேட்கவில்லை.

வியாழன் பின்னேரம் அண்ணாவை விமான நிலையத்துக்குக் கொண்டுபோன பிறகு, எங்கள் வழக்கறிஞர் முறையிட்டிருந்த சர்வதேச மனித உரிமை மன்றத்திலிருந்து தொலைநகல் வந்தது. முறைப்பாட்டை விசாரித்து முடிக்கும்வரை இவரை அனுப்ப வேண்டாம் என்று அரசிடம் கேட்டிருந்தார்கள். அண்ணாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "இது தற்காலிகம் மட்டும்தான்" என்று வழக்கறிஞர் என்னை எச்சரித்தார்.

போர்க்காலம். ஊரில் தொலைபேசி இல்லை. என் முதற் கடிதம் போய்ச் சேர்ந்தது, நல்ல செய்தி எழுதிய இரண்டாவது சேரவில்லை. அம்மா அந்த வியாழக்கிழமையின் திதியையே வைத்துச் சித்தப்பாவைக் கொண்டு காரியங்களைச் செய்வித்தார். வேறு தாள் கிடைக்காததால் கொப்பித் தாளில் கல்வெட்டு அடிப்பித்து எனக்கும் ஒன்று அனுப்பினார். நான் அதை வில்லாவுட்டுக்குக் கொண்டுபோனேன். கோடுபோட்ட தாளில் இருந்த தன் படத்தை அண்ணா வெகுநேரம் பார்த்தார்.

"கணக்கிலை கெட்டிக்காரன் எண்டு போட்டிருக்கு, பிள்ளை. செத்தாப்பிறகு நல்லாப் படிச்சிருக்கிறன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு இன்னொரு கடிதம் போய்ச் சேர்ந்து அம்மாவுக்கு உண்மை தெரிந்தது. ஊருக்குத் தொலைபேசி வந்ததும் அண்ணா முதன்முதலாக அவரோடு கதைத்தார்.

"அம்மா, நான் கதைக்கிறன்."

"ஓம். ஆரெண்டு தெரியுது. பேரைச் சொல்லாதையும்" என்றார் அம்மா. பெற்ற பிள்ளையை அவர் அந்நியரைப்போல 'நீர்' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பிறகு என்னிடம் சொன்னார்: "அந்த மன்றத்து ஆக்கள் கொஞ்சக் காலத்துக்குத்தானே நிப்பாட்டினவை. உயிரைத் தேடி வாறவன் இஞ்ச வந்து பாத்து, காரியம் முடிஞ்சுதெண்டு திரும்பிப் போகட்டும். நான் இருக்குமட்டும் இவனுக்குத் திவசம் நடக்கும்."

அப்படியே நடந்தது. மன்றம் அண்ணாவுக்குச் சாதகமாக முடிவு சொல்லி, வீசா கிடைத்து, அவர் மெல்பேணுக்கு வந்து ஸ்பிரிங்வேலில் கடை போட்ட பிறகும் நடந்தது. ஆண்டுதோறும் அந்தத் திதியில், ஊரில் மத்தியானம் படைக்கும் நேரத்துக்கு, இங்கே பின்னேரம் ஐந்து மணிபோல அண்ணாவுக்கு வயிறு நிரம்பிவிடும். அன்றிரவு ஒன்றும் சாப்பிடமாட்டார். ஒருமுறை, "வாழைக்காய்க் கறிக்கு உப்புக் கூடிப்போச்சு" என்றார். நான் அம்மாவை அழைத்துக் கேட்டேன். "ஓம், கூடித்தான் போச்சு" என்றார்.

சென்ற ஆண்டு அம்மா காலமானார். "திவசத்தை விட்டிடாதை" என்பதுதான் என்னிடம் கடைசியாகச் சொன்னது. அண்ணா இந்த நாட்டுக் குடிமகன், இனி யார் வந்து கொண்டுபோவது என்று நான் நினைத்தேன். உயிரோடிருப்பவருக்குத் திவசம் செய்யும்படி இங்குள்ள ஐயரிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

இம்முறை அந்தத் திதியன்று பின்னேரம் அண்ணா கிளென் வேவர்லியில் என் வீட்டுக்கு வந்து, குசினியில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"என்னெண்டு தெரியேல்லைப் பிள்ளை, இண்டைக்குப் பசிக்குது."

சோறு போட்டேன். சாப்பிட்டார். மறுபடி போட்டேன். மூன்றாம் தட்டும் முடிந்தது. "இன்னும் பசிக்குது" என்றார், குழந்தையைப்போல. சோறெடுக்க அடுப்புப் பக்கம் போய்த் திரும்பினேன். அண்ணா கதிரையில் சாய்ந்திருந்தார். மாரடைப்பு என்று வைத்தியர் சொன்னார்.

அன்று தொலைநகல் அனுப்பிய முகமறியாத மனிதர்களுக்கும், காசு வாங்காமல் வாதாடிய வழக்கறிஞருக்கும், வில்லாவுட்டுக்குச் சோறு கொண்டுவந்த அன்ரிமாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த ஸ்பிரிங்வேல் கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அம்மாவிடம் கேட்க வேண்டியது மன்னிப்பு.

முன்பக்கத்தில் உள்ள, இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா முதலாவது கல்வெட்டில் இருந்ததுதான். மாதமும் திதியும் அப்படியே பொருந்தின. ஆண்டின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தோம்.