என்னைப் பார்த்துப் பேசுங்க

வெண்ணந்தூர்ப் பக்கம் மைக் செட் கட்டுவது என் தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் நோம்பி எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிவிட்டு ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்துகொள்வேன். இத்தனை வருடத்தில் 'மைக் டெஸ்டிங்' என்பதைத் தவிர மைக்கில் நான் எதுவும் பேசியதில்லை. அதையும் ரகசியம் மாதிரிதான் சொல்வேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

என் மகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். சாயங்காலம் புத்தகத்தை என்னிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வாள். போன பங்குனியில் ஒருநாள், இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்டேன்.

"ஸ்பீக்கருங்கப்பா."

"எத்தன வாட்ஸ் சாமி?"

அவள் சிரித்த சிரிப்பில் புத்தகம் கீழே விழுந்துவிட்டது. அவள் சொன்னது சபாநாயகரை.

கேள்வி கேட்கும் சாக்கில் அந்தப் பாடத்தை நானும் படித்தேன். நாடாளுமன்றத்தில் சபாநாயகர் ரொம்பப் பேசுகிறவர் இல்லையாம். மற்றவர்களைப் பேச வைப்பவராம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசக் கூடாது, எதைச் சொன்னாலும் அவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவருக்குச் சாதாரணமாக ஓட்டும் கிடையாது. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் ஓட்டு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டுச் சபையில் அந்தப் பதவிக்கு வேறு பெயராம். சுதந்திரத்தோடுதான் சபாநாயகர் என்று ஆனதாம்.

இங்கிலாந்துக் கதை மகள் சொல்லித் தெரிந்தது. அங்கே பழைய காலத்தில் சபையார் சொன்னதை ராஜாவிடம் போய்ச் சொல்வதுதான் அவர் வேலை. அதனால்தான் 'பேசுகிறவர்' என்று பெயர். கேட்கிற ராஜாவுக்குக் கோபம் வந்தால் சொன்னவர் தலைக்கு ஆபத்து. தலை போனவர்களும் உண்டாம். அதனால் யாரும் அந்த நாற்காலிக்கு ஆசைப்பட மாட்டார்கள். இன்றைக்கும் புதிதாக வருகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைப்பது அங்கே ஒரு சடங்காம்.

அன்று அந்தப் பாடம் எனக்குள் வேறு ஒன்றைக் கிளறிவிட்டது.

எங்கள் காட்டுக் கிணறு மூன்று பங்கு. ஒன்று எனக்கு. மற்ற இரண்டும் பக்கத்துக் காட்டு அண்ணன் தம்பிக்கு. அவர்கள் இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. கிணற்றுச் சங்கதி எல்லாம் என் வழியாகத்தான் போய்வரும். அந்த வருடம் ஊற்று அடைத்துக்கொண்டு, மோட்டார் போட்டால் அரைமணி நேரத்தில் காற்றை இழுத்தது. மூன்று பேர் காட்டிலும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, இலை தொங்கிவிட்டது. கிணற்றை இன்னும் ஆழம் வெட்டலாம் என்றார் மூத்தவர். கல் உடைத்து முடிப்பதற்குள் கிழங்கு காய்ந்துவிடும் என்றார் இளையவர். அவர் போர் போடச் சொல்கிறார் என்று நான் போய்ச் சொன்னால் மூத்தவர் காதிலேயே வாங்குவதில்லை. எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார்கள். ஒருவருக்குச் சரி என்றால் இன்னொருவர் முகத்தில் நான் எப்படி விழிப்பது? மழுப்பிக்கொண்டே நாளைக் கடத்தினேன். கிழங்கு காய்ந்துகொண்டே வந்தது.

பாடம் படித்த மறுவாரம் இருவரையும் மோட்டார் ரூமுக்கு வரச் சொன்னேன். எனக்கு அது பெரிய காரியம். கையில் எதையாவது பிடித்துக்கொண்டால் தைரியம் வரும் என்று ஒரு மைக்கைக் கொண்டுபோனேன். அதன் ஒயர் எதிலும் மாட்டவில்லை.

"மைக் யாரு கையில இருக்குதோ அவங்க மட்டும் பேசோணுங்க. ஒருத்தர ஒருத்தரு பாத்துப் பேச வேண்டாம், என்னைப் பார்த்துப் பேசுங்க. நாடாளுமன்றத்துல அப்படித்தானுங்க" என்றேன்.

"ஓட்டெல்லாம் எண்ணீட்டீங்களாக்கும்" என்றார் இளையவர். ஆனாலும் மைக்கை வாங்கிக்கொண்டார். மூத்தவர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இளையவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். கிணற்றுக்குள் மெஷினை இறக்கி, பக்கச் சுவரில் படுக்கையாகத் துளை போட்டால் ஊற்றுக்கண் திறக்கும், தண்ணீர் நம் கிணற்றிலேயே விழும், யாருக்கும் நஷ்டமில்லை, சைடு போர் என்று தலைபாடாக அடித்துக்கொண்டும் அண்ணன் கேட்க மாட்டேன் என்கிறார் என்றார்.

மூத்தவர் வேப்பமரத்தை விட்டு என் பக்கம் திரும்பினார். மைக்குக்குக் கை நீட்டினார்.

"சைடு போரா? அவன் காட்டு மேட்டுல எறநூறு அடிக்கு ரிக் வண்டியக் கொண்டாந்து போடறான்னல்ல நான் நெனச்சேன். அப்படிப் போட்டா கெணறு வத்திப்போயிரும்னுதான் வேண்டாம்னேன். இவன் சைடு போர்னு எப்பச் சொன்னான்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மைக் திரும்ப என் கைக்கு வந்தது. இளையவர் முதல்முறை என்னிடம் முழுதாகத்தான் சொன்னார். மூத்தவர் வீட்டு வாசலில் நின்று பேசக் கூச்சப்பட்டு, சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று, "போர் போடோணுங்கறாருங்க" என்று மட்டும் சொன்னவன் நான். ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டேன். அவர் வேண்டாம் என்றதும் காரணத்தை விட்டுவிட்டு அதையும் சுருக்கி இளையவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

"அந்த 'சைடு' என்கிட்டதான் நின்னுபோச்சுங்க. தப்பு என்னுதுங்க" என்றேன். ஒயர் மாட்டாத மைக்கில், என் வாழ்நாளின் முதல் பேச்சு அதுதான்.

தலை போன சபாநாயகர்களை நினைத்துக்கொண்டேன்.

"கெரகம். ஒத்த வார்த்தைக்கு இத்தன நாளா?" என்றார் மூத்தவர். அவர் வாய் ஓரத்தில் சிரிப்பு ஒதுங்கியது. பிறகு மைக் இல்லாமல், என்னைப் பார்க்காமல், நேராகத் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"மெஷின்காரன் எப்ப வாரானாம்?"

"வெள்ளிக்கெழமைங்கண்ணா" என்றார் இளையவர்.

விதிப்படி நான் அங்கே குறுக்கிட்டு, என்னைப் பார்த்துப் பேசுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குனிந்து மைக் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன். சின்ன ஒயர்தான். அவர்கள் பேசி முடிக்கும்வரை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன்.