சோடா மூடியும் ரிஸ்வானாவின் கேள்வியும்

மழையில் நனைந்த தென்னோலைக் கிடுகு, வெயில் ஏறும்போது ஒரு புளித்த வாசம் விடும். புத்தளம் பக்கத்துக் கரைத்தீவில் நான் படிப்பித்த முதல் வகுப்பை நினைத்தால் அந்த வாசம்தான் முதலில் வருகிறது... கிடுகுக் கொட்டில், மணல் தரை, தொண்ணூறில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம் பிள்ளைகள். நான் புத்தளம் டவுனிலிருந்து பஸ்ஸில் போய்வந்த புது மெத்ஸ் டீச்சர்.

அன்று பாடம் நிகழ்தகவு.

நாணயத்துக்கு இரண்டு பக்கம், இரண்டும் சமம். அதனால் எறியாமலே சொல்லலாம், தலை விழ வாய்ப்பு பாதி. இது கோட்பாட்டு நிகழ்தகவு என்றேன்.

பிறகு ஆளுக்கொரு சோடா மூடி கொடுத்தேன். அதற்கும் இரண்டு பக்கம்தான், ஆனால் சமமில்லை. எறிந்து எறிந்து பார்த்தால்தான் தெரியும். அது பரிசோதனை நிகழ்தகவு.

பிள்ளைகள் மணலில் குந்தியிருந்து எறிந்தார்கள். ஒரே சிரிப்பு, கூச்சல்.

ரிஸ்வானா மட்டும் எறியவில்லை. அவளுடைய வாப்பா, மன்னாரில் விட்டுவந்த வீட்டைப் பார்த்துவர, சண்டையில் பாதை மூடிக் கிடந்ததால் ஒரு படகில் போனவர். மாதக் கணக்காகத் தகவல் இல்லை.

"டீச்சர்... வாப்பா வருவாரு, இல்லாட்டி வரமாட்டாரு. ரெண்டுதானே? அப்ப பாதியா?"

மற்றப் பிள்ளைகள் எறிவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. அது அங்கிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்...

"பாதி இல்ல மகள்," என்றேன். "எவ்வளவு எண்டு எனக்குச் சொல்லத் தெரியல்ல."

அவள் அழவில்லை. கையிலிருந்த மூடியையே பார்த்தாள்.

"இத எத்தின தரமும் எறிஞ்சு பாக்கலாம் டீச்சர். எங்கட வாப்பா ஒராள்தானே."

மூடிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அன்றைய பாடத்தை அதோடு முடித்தேன்.

போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் அவளைக் கண்டேன். தலையில் நரை. நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"வாப்பா வரல்ல டீச்சர். உம்மாவும் மௌத்தாகிட்டா. புருஷன் மௌத்தானா நாலு மாசம் பத்து நாள் துக்கம் இருக்கிற இத்தாவ அவ கடைசி வரைக்கும் இருக்கல்ல. ஆராச்சும் இத்தா இருக்கச் சொன்னா, 'மௌத்த நீங்க கண்டீங்களா?' எண்டு கேப்பா."



கொட்டில் இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டிடம். சண்டை முடிந்து பாதைகளும் திறந்துவிட்டன. ரிஸ்வானா மன்னாருக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறாள்.

"சுவரு மட்டும்தான் நிக்கிது டீச்சர்," என்றாள். "வாப்பா போன ஊருக்குத்தான், காலைல போய், அந்திக்கே வந்துட்டேன்."