உப்பு வைத்துப் போன வீடுகள்

படகுத்துறையை விட்டு மேட்டுச் சாலையில் நடந்துகொண்டிருக்கிறேன். அணைநீருக்குள் நாக்கு நீட்டியதுபோல் கிடக்கும் புல்மேட்டைக் காட்டி, அங்கே வரையாடு தவிர மனிதர் யாரும் இருந்ததே இல்லை என்று படகோட்டி சொன்னார். திருத்த மனம் வரவில்லை. இறங்கி நடந்துவிட்டேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு நாளும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிடைத்த வேலை, மேஸ்திரியோடு வந்த வாய்த்தகராறில் ஒரே மாதத்தில் போய்விட்டது. கொழிஞ்சாம்பாறையில் அப்பாவுக்கு நிலமும் தென்னையும் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளியையும், கொஞ்ச நாளில் ஊரையும் விட்டவன் எந்த முகத்தோடு திரும்பிப் போவது? இரண்டு வேளை பட்டினி. பட்டினியில் மூக்கு கூர்மையாகிவிடும், உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். எங்கோ கருவாடு சுடும் வாசனை. அதைப் பிடித்துக்கொண்டே அந்தப் புல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மூன்று பக்கமும் தண்ணீர். கம்பெனி மூடிவிட்டுப் போன லயங்கள், வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், கூரைத் தகரம் இல்லாமல் நின்றன. சுவர்களின் மேல் வரையாடுகள். மூடுபனி விலக விலக ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வீட்டுக்காரர்கள் வந்தவனைப் பார்ப்பதுபோல் அசையாமல் பார்த்தன. பசி மறந்து நின்றேன்.

கருவாடு பேச்சியம்மா அக்காவுடையது. அங்கே மிச்சமிருந்த ஒரே ஆள். ஒரு மாடு, கொஞ்சம் முட்டைக்கோசு, அவ்வளவுதான் சொத்து. ஆட்டுக்கு ஏதாவது ஆனால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வனத்துறையினர் எச்சரித்திருந்தார்கள். அதைச் சொல்லிக்கொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றினார். அப்போதுதான் பக்கத்து வீட்டுக்குள் ஏதோ சுவரில் மோதும் சத்தம் கேட்டது.

லயத்துச் சனங்களிடம் ஒரு வழக்கம். வீட்டைக் காலி செய்யும்போது உப்பு ஜாடியை மட்டும் எடுக்கமாட்டார்கள். ஒரு பிடி உப்போடு அடுப்பருகே வைத்துவிட்டுப் போவார்கள். வீடு வெறுமையாகக் கூடாதாம். மலையில் உப்புக்கு ஏங்கும் ஆட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு குட்டி அந்தப் பீங்கான் ஜாடிக்குள் தலையை விட்டு, எடுக்கத் தெரியாமல், வெளியே வந்து பாறை விளிம்பை நோக்கி ஓடியது. கீழே அணை.

பாய்ந்து கட்டிக்கொண்டேன். “ஏனுங்கக்கா, உதைக்குதுங்க” என்றேன்.

“உதைக்காம கொஞ்சுமா? ஏனுங்க போனுங்கன்னு நிக்காம காலப் புடிய்யா. இது செத்துச்சுன்னா நாளைக்கு நான் ரோட்டுலதான்.”

தேயிலைச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியின் முதுகால் அக்கா ஜாடியை மெல்லத் தட்டினார். மூன்றாவது தட்டில் ஜாடி உடைந்தது. தாய் ஆடு கையெட்டும் தூரத்தில் நின்றது. அதன் மூச்சு என் கழுத்தில் சுட்டது. குட்டி ஓடிவிடும் என்று பிடியை விட்டேன். ஓடவில்லை. என் முழங்கையில் ஒட்டியிருந்த உப்பையும் வியர்வையையும் நிதானமாக நக்கி முடித்துவிட்டுத்தான் போனது.

சாயங்காலம் வந்த வனக்காவலரிடம் அக்கா எதையும் மறைக்கவில்லை. மலையாளத்தில் திட்டித் தீர்த்த காவலர், மற்ற வீடுகளிலும் ஜாடிகள் இருக்குமே என்று யோசித்தார். எல்லாவற்றையும் அகற்றினால் அக்கா அங்கேயே இருக்கலாம் என்றார். அகற்ற இவன் வருவானா என்று என்னைக் காட்டிக் கேட்டார். தலையாட்டினேன்.

இன்று அக்கா இல்லை. சுவர்களும் இல்லை, புல் மூடிவிட்டது. குட்டியை மீட்ட மறுநாள் காலை சாக்கோடு கிளம்பியவனிடம் அவர் ஒன்றுதான் சொன்னார்: “தட்டிட்டு உள்ள போய்யா. அவுக வீடு.”

ஒரு வீட்டுக்கும் கதவு இல்லை. நிலையைத் தட்டிவிட்டு, முதல் வீட்டுக்குள் நுழைந்தேன்.