தண்ணீர் குடிக்கும் போட்டியும் ஒரு பச்சைக் கார்டும்

போன வாரம் எங்கள் கம்பெனியில் தண்ணீர் குடிக்கும் போட்டி நடந்தது.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். எந்த லைன் அதிகமாகக் குடிக்கிறதோ அந்த லைனுக்குப் பரிசு. ஆளுக்கொரு நீல பாட்டில் கொடுத்தார்கள். 'உங்கள் ஆரோக்கியமே எங்கள் ஆனந்தம்' என்று அதன் மேல் அச்சடித்திருந்தது. என்ன ஒரு பாசம்!

வாராவாரம் இதைப் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தவள். திருக்கழுக்குன்றத்தில் வீடு. மலைமேல் இருக்கும் வேதகிரீஸ்வரரைத் தெருவில் நின்றே கும்பிட்டுவிட்டு, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறுவேன். செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கம்பெனி. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவது என் வேலை.

எங்கள் கம்பெனி ஒரு குடும்பம். நான் சொல்லவில்லை, சுவரில் எழுதியிருக்கிறது. தினமும் வேலை தொடங்குமுன் வரிசையாக நின்று, நெஞ்சில் கை வைத்து, 'நாம் ஒரே குடும்பம்' என்று உறுதிமொழி வேறு சொல்கிறோம். குடும்பம்தான்... ஆனால் இந்தக் குடும்பத்தில் பாத்ரூம் போகக் கார்டு வேண்டும்.

எப்படி என்றால், வயர் கட்டும் போர்டுகள் எங்கள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருத்தி இடத்தை விட்டுப் போனால் அங்கே மாற்று ஆள் நிற்க வேண்டும். லைனுக்கு ஒரே மாற்று ஆள்தான். அதனால் கார்டும் ஒன்றுதான். பச்சைக் கலரில், லைன் லீடர் பாஸ்கர் தம்பியின் மேஜைக்கு மேல் ஆணியில் தொங்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவளுக்கு வழி. கோயிலில் பரிவட்டம் கட்டிக்கொண்டவர் போல, கார்டு மாட்டியவள் நடந்து போவதை லைனே திரும்பிப் பார்க்கும்.

யார் அடிக்கடி போகிறார்கள் என்று யாரும் கவனிப்பதில்லை. அப்படியெல்லாம் கவனிக்க நாங்கள் என்ன அந்நியர்களா? பெர்மனென்ட் ஆக்கும் நேரத்தில் மட்டும், இந்தப் பெண் இடத்தில் நிற்பதே இல்லையே என்று மேலே ஒரு பேச்சு வரும். அவ்வளவுதான்.

என் பக்கத்து இடத்தில் நிற்பவள் அமலா. மாமல்லபுரம் பக்கம் மீனவர் குப்பத்துப் பெண். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கடல் என்றைக்கு மனசு வைக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அமலாவுக்கு இந்த வேலை பெர்மனென்ட் ஆகியே தீர வேண்டும். இந்த மாதம் ஆர்டர் வரலாம் என்று பேச்சு.

கார்டு பிரச்சினைக்கு அவள் சுலபமான வழி ஒன்று கண்டுபிடித்திருந்தாள். தண்ணீரே குடிப்பதில்லை! காலையில் பஸ் ஏறினால், சாயந்திரம் வீட்டுப் படி ஏறும்வரை தொண்டையை நனைக்க மாட்டாள். கார்டு பக்கமே போகாத தங்கமான பெண் என்று மீட்டிங்கில் அவளுக்குக் கைதட்டச் சொன்னார்கள். நாங்களும் தட்டினோம்.

அந்தத் தங்கத்துக்குத்தான் போன மாதம் நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அதட்டிவிட்டார். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வந்தால் அடக்கக் கூடாது, இன்னொரு முறை இப்படியானால் கிட்னியைப் பாதிக்கும் என்றார்.

வெளியே வந்ததும் அமலா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க்கா, கிட்னி ரெண்டு கீதுல்ல?"

கிட்னி இரண்டு, வேலை ஒன்று. அவள் யோசனை அப்படிப் போகிறது. பர்ஸில் மடித்து வைத்திருந்த விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். மாதா கோயிலுக்குப் போகிற பெண் அவள். ஆனாலும் நெற்றியைக் காட்டினாள்.

இந்த லட்சணத்தில்தான் எச்.ஆர். மேடம் போட்டியை அறிவித்தார். நல்ல மனசுக்காரர், சின்னப் பெண். அவர் உட்காரும் மாடியில் ஏ.சி. உண்டு, காபி மெஷின் உண்டு, கார்டு மட்டும் கிடையாது. தண்ணீர் குடித்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவர் படித்த படிப்பில் எந்த வருஷத்துப் பாடமோ... அதற்குள் பாஸாகி வந்துவிட்டார் போல.

நாங்களாவது யோசித்தோமா? பரிசு குக்கர் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பக்கத்து லைன்காரிகள் ஜெயித்துவிடக் கூடாது என்ற ரோஷம் வேறு. பாட்டில் பாட்டிலாகக் குடித்தோம். அமலாவும் குடித்தாள். டாக்டர் சொன்னதைச் செய்யக் கம்பெனியே உத்தரவு கொடுத்துவிட்டதே!

டீ நேரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. கார்டு ஆணிக்கு வந்து சேருமுன் வழியிலேயே கைமாறியது. மாற்று ஆளான சரஸ்வதி அக்கா இங்கும் அங்கும் ஓடி ஓடி நின்றார். கடைசியில் அவரே கார்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரும் மனுஷிதானே? அவரும் குடித்தாரே?

அமலாவின் முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் கயிறு உண்டு. வயரில் தப்பு கண்டால் மட்டும் இழுக்க வேண்டியது. இழுத்தால் லைன் நின்றுவிடும், பொம்மைக் கடைச் சங்கீதம் மாதிரி ஒரு மெட்டு கம்பெனி முழுக்கக் கேட்கும். வேலை பெர்மனென்ட் ஆகாதவர்கள் அந்தக் கயிற்றை அண்ணாந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அமலா இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான், போட்டியைக் காட்டுவதற்காக, எங்கள் வயர்களை வாங்கும் கார் கம்பெனியிலிருந்து வந்த விருந்தாளியை பிளான்ட் மேனேஜரும் எச்.ஆர். மேடமும் அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். ஆண்டவன் சில நேரம் டைமிங்கில் கெட்டிக்காரன்.

பாஸ்கர் தம்பி ஓடி வந்தார். "எந்த வயர்ல மிஸ்டேக்கு?"

"வயர்ல ஒண்ணும் இல்ல சார். பாத்ரூம் போவணும்."

தம்பி ஆணியைத் திரும்பிப் பார்த்தார். "கார்டு வரலியேமா..."

என்ன கார்டு என்று விருந்தாளி கேட்டார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "விஷுவல் மேனேஜ்மென்ட், சார்" என்றார். பாத்ரூமுக்கு இவ்வளவு கௌரவமான பெயர் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும்.

அமலா கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தாள். "போன மாசம் அடக்கிகினு நின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். வேல எனக்கு வேணும். அதுக்குன்னு இன்னொரு தபா அடக்க முடியாது. நீங்க பேசிகினு இருங்க, வந்துடறேன்."

நடந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. அவள் பின்னால் ஒருத்தி, அப்புறம் இன்னொருத்தி, அப்புறம் நான். திரும்பிப் பார்த்தபோது லைனில் ஆளே இல்லை. மெட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பாஸ்கர் தம்பியும் ஆண்கள் பக்கம் வேகமாக நடந்துகொண்டிருந்தார்...

சாயந்திரம் பஸ்ஸில் அமலா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். நாளைக்கு உள்ளே விடுவார்களா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். வீட்டு விளக்கை ஏற்றும்போது நான் ஈசனிடம் எனக்காக எதுவும் கேட்கவில்லை. அவன் இந்த உடம்பைக் கொடுத்தபோது கூடவே கார்டு எதுவும் கொடுக்கவில்லை என்பதை மட்டும் நினைவுபடுத்தினேன்.

மறுநாள் உள்ளே விட்டார்கள். உறுதிமொழி முடிந்ததும் மேனேஜர் மைக் பிடித்தார். நம் குடும்பத்தின் புதிய பண்பாடாக, இனி 'கார்டு இல்லாத லைன்' என்றார். லைனுக்கு இன்னொரு மாற்று ஆளும் உண்டாம். இந்த அருமையான யோசனையைத் தந்தவர் எச்.ஆர். மேடம் என்றார். மேடத்துக்கே அது புதிய செய்தி என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அதற்காக மேனேஜர் நீட்டிய ஷீல்டை வாங்கிக்கொண்டார். கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னால் குடும்பத்துக்கு மரியாதை இல்லையே!

அமலாவின் ஆர்டர் இன்னும் வரவில்லை. விருந்தாளி போகும்போது அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொண்டு போனாராம். அடுத்த தடவை வந்து விசாரிப்பாரே என்று, அவளை வேலையிலிருந்து தள்ளிவிட இப்போது கொஞ்சம் யோசிப்பார்கள் என்று பாஸ்கர் தம்பி காதோரம் சொன்னார். நான் மலையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

லைன்காரர்கள் எல்லோரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்து, 'கார்டு இல்லாத லைன்' என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் அமலாவைத் தேடாதீர்கள். போட்டோ எடுத்த நேரத்தில் அவள் பாத்ரூம் போயிருந்தாள்.